கும்மிடிப்பூண்டியில் கேட்ட தேர்தல் கதை

"கும்மிடிப்பூண்டிக்கு ஒரு நடை போய் வாருங்கள். அங்கே இரும்பு உருக்கும் ஆலைகளைப் பற்றி நம் பத்திரிகையில் இதுவரை யாரும் எழுதவில்லை" என்றார் ஆசிரியர்.

உதகமண்டலம் என்றோ குற்றாலம் என்றோ சொல்லியிருந்தால் வீட்டில் அத்தனை பேரும் பெட்டியோடு என் பின்னாலேயே கிளம்பியிருப்பார்கள். கும்மிடிப்பூண்டி என்றதும், "ரயில் கடைசியாகப் போய் நிற்கிற ஊர்தானே? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு என் கணவர் மறுபடி பேப்பரைப் பிரித்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். இரும்பைப் பார்க்கப் போனவள் ஒரு தேர்தல் கதையைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் நிலையத்திலிருந்து புறப்படுகிறது மின்சார ரயில். ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தூரம். பெண்கள் பெட்டியில் ஏறினால் பொழுது போவதே தெரிவதில்லை. தண்டையார்பேட்டை வருவதற்குள் ஒரு அம்மாள் இரண்டு முழம் பூத் தொடுத்து முடித்துவிட்டார். திருவொற்றியூரில் ஏறிய இன்னொருவர் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு அவரைக்காய் ஆய ஆரம்பித்தார். மீஞ்சூரில் காய் முடிந்துவிட்டது. "வீட்டுக்குப் போனதும் தாளிக்க வேண்டியதுதான் பாக்கி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எண்ணூரில் உப்பங்கழியைக் கடக்கிறோம். அத்திப்பட்டுப் பக்கம் அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகள் தெரிகின்றன. பொன்னேரியில் கொஞ்சம் பச்சை வயல். கவரப்பேட்டை தாண்டினால் பேச்சில் தெலுங்கு கலந்துவிடுகிறது. ஆந்திர எல்லை கூப்பிடு தூரந்தான். அடுத்தது கும்மிடிப்பூண்டி.

உலைக்கு ஆள் குறையும் நாள்

திருவள்ளூர் மாவட்டத்தின் வட கோடியில் இருக்கும் இந்த ஊரைத் தமிழ்நாடெங்கும் அறியச் செய்தது 'சிப்காட்' தொழிற்பேட்டை. பழைய இரும்பை லாரி லாரியாகக் கொண்டு வந்து கொட்டுகிறார்கள். உலையிலே உருக்குகிறார்கள். செக்கச் செவேலென்று பாளம் பாளமாக வருவதை உருளைகளுக்கு நடுவே விட்டு இழுக்கிறார்கள். நாம் வீடு கட்டும்போது கான்கிரீட்டுக்குள் வைக்கும் கம்பி இப்படித்தான் பிறக்கிறது. பக்கத்தில் போனால் முகம் வெந்துவிடும் போல் இருக்கிறது. அங்கே எட்டு மணி நேரம் நிற்கிறவர்களில் அநேகர் பீகார், ஒடிசா, ஜார்கண்ட் பக்கத்துப் பிள்ளைகள். ஆலை வாசலிலுள்ள டீக்கடைகளில் இந்திதான் பாதி.

என்னைச் சுற்றிக் காட்டிய மேற்பார்வையாளர் தம் கஷ்டத்தைச் சொன்னார். "தீபாவளி, சட் பூஜை என்றால் ஆள் குறைவது சரி. எந்த ஊரில் தேர்தல் வந்தாலும் எங்கள் உலைக்கு ஆள் குறைந்துவிடுகிறது, அம்மா! இரண்டு நாள் ரயிலில் நின்றுகொண்டே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறார்கள்."

"நல்ல காரியந்தானே?" என்றேன்.

"நல்ல காரியந்தான். ஆனால் இந்த ஊரிலேயே முப்பத்தைந்து வருஷமாக இருந்துகொண்டு ஒரு ஓட்டுக்கூட இல்லாதவர்கள் இருக்கிறார்களே, தெரியுமா உங்களுக்கு? இதோ, இந்தக் கூரைக்குப் பெயிண்ட் அடித்தது அவர்கள்தான்."

அவர் சொன்னது இலங்கைத் தமிழர் முகாமைப் பற்றி. தமிழ்நாட்டிலுள்ள பெரிய முகாம்களில் ஒன்று கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. புழலிலும் ஒன்று உண்டு. 'அகதி முகாம்' என்று சொல்லி வந்ததை 2021-ம் வருஷம் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று அரசாங்கம் மாற்றியது. 1983 முதல் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல் என்றும், 108 முகாம்களில் 58,822 பேர் இருக்கிறார்கள் என்றும் அந்த வருஷம் சட்டசபையில் கணக்குச் சொன்னார்கள்.

முகாமுக்குள் நினைத்தபோது நுழைந்துவிட முடியாது. அனுமதி வேண்டும். அதற்காக இன்னொரு நாள் அலைந்து, மறுபடியும் ரயிலேறிப் போனேன்.

வாங்கோ, பிள்ளை

ஒரே அளவிலே நெருக்கமான வீடுகள். வாசலில் கோலம். ஒரு வீட்டுத் திண்ணையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாள், "வாங்கோ பிள்ளை, இருங்கோ" என்றார். எழுபதைத் தாண்டிய வயது. அவருடைய பேத்தி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "வாங்கக்கா, ஃபேன் போடறேன்" என்றாள். ஒரே வீட்டில் திருகோணமலைத் தமிழும் சென்னைத் தமிழும்! பேத்தி பிறந்தது, பள்ளிக்கூடம் போனது, பி.காம். படித்தது எல்லாம் இங்கேதான். ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். ஆனாலும் பாட்டியை 'அப்பம்மா' என்றுதான் அழைக்கிறாள். அப்பாவின் அம்மா, அப்பம்மா. எவ்வளவு பொருத்தமான சொல்!

பால் விடாத தேத்தண்ணி வந்தது. சீனியைக் கலக்காமல் தனியே உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நக்கி நக்கிக் குடிக்க வேண்டுமாம். எனக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. பேத்தி சிரித்துவிட்டு, கலந்து கொண்டுவந்தாள்.

ஆலையிலே கேட்ட ஓட்டு விஷயத்தை நான்தான் எடுத்தேன்.

"எனக்கென்ன, நான் போட்டனான்" என்றார் அப்பம்மா, சற்றே பெருமையுடன். "எழுபத்தேழிலே முதல் வோட்டு. அப்ப கூட்டணிக்காரர் வந்தினம், கைகூப்பிக் கேட்டினம், போட்டம். பிறகு எண்பத்தெட்டிலே போட்டனே, அது வேற வோட்டு. கேக்க வந்தவையின்ரை தோளிலே துவக்கு இருந்தது."

துவக்கு என்றால் துப்பாக்கி.

"பயந்துகொண்டா போட்டீர்கள்?"

"பயம் இல்லாம இருக்குமோ? ஒரு பகுதி, வோட்டுப் போடப் போனா நடக்கிறது தெரியும் எண்டவை. வாசலிலே இந்தியன் ஆமி நிண்டது. ஆனா நான் விருப்பத்தோடைதான் போனனான், பிள்ளை. எங்கட திருகோணமலையிலே எங்கட அரசாங்கம் வருது, எங்கட ஆக்கள் மந்திரி எண்டு சொல்லிச்சினம். கச்சேரிக்குத் தமிழிலே கடுதாசி எழுதினா தமிழிலே மறுமொழி வரும் எண்டு நினைச்சன். சண்டை முடியும் எண்டு நினைச்சன்."

போட்டியில்லாத தேர்தல்

அந்தத் தேர்தலைப் பற்றி நம்மில் பலர் மறந்தே போயிருப்போம். வீடு திரும்பியதும் பழைய செய்திகளைத் தேடிப் படித்தேன். அதை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1987 ஜூலை 29-ம் தேதி ராஜீவ் காந்தியும் ஜயவர்த்தனாவும் கொழும்பில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இந்தியப் படை இலங்கைக்குப் போயிற்று. இலங்கையின் அரசியல் சட்டத்தைத் திருத்தி மாகாண சபைகளை ஏற்படுத்தினார்கள். வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக ஒன்று சேர்த்து, 71 உறுப்பினர் கொண்ட சபைக்கு 1988 நவம்பர் 19-ம் தேதி தேர்தல் வைத்தார்கள்.

ஆயுதம் தாங்கிய இயக்கமான ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணி, சுருக்கமாக ஈ.பி.ஆர்.எல்.எஃப்., அதில் வென்றது. எப்படி வென்றது என்பதுதான் விசேஷம். விடுதலைப் புலிகள் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னார்கள். கூட்டணி ஒதுங்கிக்கொண்டது. வடக்கிலே இருந்த 36 இடங்களிலும் ஈ.பி.ஆர்.எல்.எஃப்., அதனோடு சேர்ந்த ஈ.என்.டி.எல்.எஃப். இரண்டையும் தவிர யாரும் நிற்கவில்லை. ஆகவே யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஒரு சீட்டுக்கூடப் பெட்டியில் விழாமலே 36 பேர் உறுப்பினர்களாகிவிட்டார்கள்! கிழக்கிலேதான் நிஜமான போட்டி. அங்கே 35 இடங்களில் ஈ.பி.ஆர்.எல்.எஃப்.புக்கு 17, முஸ்லிம் காங்கிரசுக்கு 17, ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஒன்று. அப்பம்மா போட்டது அந்தக் கிழக்கு மாகாணத்து ஓட்டு.

டிசம்பர் 10-ம் தேதி வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார். பொருளாதாரம் படித்தவர், அப்போது வயதிலும் இளையவர். நேற்றுவரை தலைமறைவாக இருந்தவர்களுக்கு இன்று மேஜையும் நாற்காலியும் கோப்பும். அவர்கள் ஒன்றுமே செய்ய விரும்பவில்லை என்று சொல்வது நியாயமாகாது. சபைக்கு அதிகாரம் கேட்டார்கள், பணம் கேட்டார்கள். கொழும்பு கொடுக்கவில்லை. புலிகள் அந்தச் சபையை ஏற்கவில்லை. ஆட்சிக்குத் துணையாக நின்றது இந்தியப் படை ஒன்றுதான். அந்தப் படையை வெளியேறச் சொல்லி 1989 ஜூன் மாதம் ஜனாதிபதி பிரேமதாசா பகிரங்கமாகக் கேட்டுவிட்டார்.

இதற்கு நடுவே 1989 பிப்ரவரி 15-ல் நாடாளுமன்றத் தேர்தலும் வந்தது. ஈரோஸ் என்ற இன்னொரு ஆயுத இயக்கம், சுயேச்சைக் குழுக்களை நிறுத்தி 13 இடங்களைப் பிடித்தது. பழுத்த தலைவரான அமிர்தலிங்கம் மட்டக்களப்பில் தோற்று, தேசியப் பட்டியல் மூலம் சபைக்குப் போனார். அதே வருஷம் ஜூலை 13-ல் கொழும்பில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வென்ற ஈரோஸ்காரர்களும் நாடாளுமன்றத்தில் நிலைக்கவில்லை. பிரிவினை கோருவதில்லை என்று சத்தியம் செய்தால்தான் சபையில் உட்காரலாம் என்பது அங்கே சட்டம். 1990-ல் அவர்கள் பதவியைத் துறந்தார்கள். இயக்கத்தின் தலைவர் பாலகுமாரன் புலிகளோடு சேர்ந்துகொண்டார்.

பரணிலே ஒரு பிள்ளை

"வோட்டுப் போட்டு ஒரு வருஷம் ஆகேல்லை, பெடியளைப் பிடிக்கத் தொடங்கிச்சினம்" என்றார் அப்பம்மா.

இந்தியப் படை போகப் போகிறது என்றதும், தங்களைக் காத்துக்கொள்ள மாகாண அரசு ஒரு தமிழ்த் தேசிய ராணுவத்தைத் திரட்டிற்று. விரும்பி வந்தவர்கள் போதவில்லை. தெருவிலும் பஸ்ஸிலும் பள்ளிக்கூட வாசலிலும் இளைஞர்களைப் பலவந்தமாகப் பிடித்துப் பயிற்சிக்கு அனுப்பியதை அக்காலத்துச் செய்திகள் பதிவு செய்திருக்கின்றன. 1989 கடைசியில் புலிகள் தாக்கியபோது, துப்பாக்கி பிடிக்கக்கூடச் சரியாகப் பழகாத அந்தப் பிள்ளைகள் சிதறிப்போனார்கள். பலர் மாண்டார்கள்.

அப்பம்மாவின் மகனுக்கு அப்போது பதினேழு வயது.

"பரணிலே விறகுக்குப் பின்னாலே இருத்தி வச்சன். நாற்பது நாள். ஏணியை எடுத்துக் கொல்லையிலே போட்டிட்டன். சோத்தைத் துணியிலே கட்டிக் கம்பாலே மேலே குடுப்பன். மழை பெய்தா அவன்ரை இருமல் கேக்காது எண்டு சந்தோசப்படுவன்."

"யாருக்குப் பயந்து ஒளித்து வைத்தீர்கள்? அவர்களுக்கா, இவர்களுக்கா?"

"ஆரெண்டு கேக்காதேங்கோ, பிள்ளை. துவக்கு வச்சிருந்த எல்லாருக்கும் பயந்துதான்."

தேங்காய்த் துருவலைப் பிழிந்தபடியே சொன்னார். நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன்.

1990 மார்ச் முதல் தேதி, வரதராஜப் பெருமாள் தம் கோரிக்கைகளை நிறைவேற்றாவிட்டால் தனி நாடு என்று சபையிலே தீர்மானம் கொண்டுவந்தார். மார்ச் 24-ல் கடைசி இந்தியச் சிப்பாயும் திருகோணமலையிலிருந்து கப்பலேறினான். முதலமைச்சரும் அவரைச் சேர்ந்தவர்களும் இந்தியாவுக்கு வந்துவிட்டார்கள். ஆட்சி நடந்தது பதினைந்தே மாதம். இயக்கத்தின் தலைவர் பத்மநாபாவும் தோழர்கள் பலரும் அந்த ஜூன் 19-ல் நம் சென்னையிலேயே, கோடம்பாக்கத்திலே, புலிகளால் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் இலங்கையில் இரண்டாவது யுத்தம் மூண்டுவிட்டது.

அப்பம்மா மகனோடு மடுவிலே போய்த் தங்கி, பேசாலைக் கரையில் படகேறி, ராமேசுவரத்தில் இறங்கினார். மண்டபத்தில் பதிவு. அங்கிருந்து கும்மிடிப்பூண்டி. "ரயிலிலே ஏறச் சொன்னவை. எங்கே போகுது எண்டு தெரியாது. கும்மிடிப்பூண்டி எண்டு பேரைச் சொல்ல எனக்கு ஒரு மாசம் பிடிச்சது!" என்று சிரித்தார்.

அந்த அம்மாளின் கேள்வி

பிறகு, ஒரு கேள்வி கேட்டார். பத்திரிகைக்காரி நான், கேள்வி கேட்பது என் தொழில். ஆனால் அன்றைக்கு அவர் கேட்டதுதான் கேள்வி.

"நீங்கள் படிச்சனீங்கள், சொல்லுங்கோ. துவக்கு வச்சிருக்கிறவை தேர்தலிலே வெண்டா, பிறகு தோத்தா, பேசாமல் வீட்டுக்குப் போவினமோ? எங்கேயாவது போயிருக்கினமோ?"

எனக்கு மிசோரம் ஞாபகம் வந்தது. அதைக் கதையாகவே சொன்னேன்.

வடகிழக்கு மலைகளிலே அரை நூற்றாண்டுக்கு ஒரு முறை மூங்கில் பூக்கும். பூத்தால் விதை, விதையைத் தின்று எலி பெருகும், விதை தீர்ந்ததும் எலிகள் வயலிலும் களஞ்சியத்திலும் புகுந்து நெல்லைத் தின்றுவிடும். 1959-ல் அப்படித்தான் பஞ்சம் வந்தது. அரசாங்கம் நேரத்தில் உதவவில்லை என்று கோபம். பஞ்ச நிவாரணத்துக்கென்று லால்தெங்கா நடத்திய சங்கமே மிசோ தேசிய முன்னணி என்ற அரசியல் கட்சியாகி, 1966-ல் தனி நாடு என்று ஆயுதம் தூக்கியது. ஐஸால் நகரத்தின்மேல் நம் விமானப்படையே குண்டு போட்டது. இருபது வருஷம் சண்டை.

1986 ஜூன் 30-ல் ஒப்பந்தம் ஆயிற்று. காட்டிலிருந்தவர்கள் ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டு ஊருக்குள் வந்தார்கள். அதன் பிறகே, 1987 பிப்ரவரியில் தேர்தல். 40 இடங்களில் 24 பெற்று லால்தெங்கா முதல்வரானார். மறு வருஷமே சொந்தக் கட்சிக்காரர்கள் சிலர் மாறியதால் ஆட்சி கவிழ்ந்தது. அடுத்த தேர்தலில் தோற்றார். என்ன செய்தார்? எதிர்க்கட்சியாக இருந்தார். அவரோடு காட்டில் இருந்த சோரம்தங்கா பின்னர் மூன்று முறை முதல்வரானார். 2023 தேர்தலில் தம் சொந்தத் தொகுதியிலேயே தோற்றுப்போய், ராஜிநாமாவைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அப்பம்மா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். "தோத்துப் போட்டு வீட்டை போனாரோ? ஒருத்தரும் சுடேல்லையோ?"

"இல்லை."

"அப்ப அது நல்ல வோட்டு" என்றார்.

அதற்குள் மகன் வேலையிலிருந்து வந்துவிட்டார். பரணிலே இருமலை அடக்கிக்கொண்டு கிடந்த அந்தப் பதினேழு வயதுப் பிள்ளைக்கு இன்று தலை நரைத்துவிட்டது. நகத்திலெல்லாம் நீல பெயிண்ட். பேச்சில் தாமும் கலந்துகொண்டார். ஊர்ச் செய்திகளையெல்லாம் ஃபோனிலே பார்த்துவிடுகிறாராம்.

"எங்கட கிழக்கிலே பிள்ளையான் இல்லையோ?" என்று ஆரம்பித்தார். புலிகளிலிருந்து பிரிந்து வந்தவர்களின் கட்சியைச் சேர்ந்த சிவநேசதுரை சந்திரகாந்தன் என்கிற பிள்ளையான், 2008 மே மாதம் ஆளும் கூட்டணியில் நின்று, கிழக்கு மாகாண முதலமைச்சரானார். கட்சிக்காரர்கள் ஆயுதத்தை ஒப்படைத்தது 2009 மார்ச்சில். முதலில் பதவி, பிறகுதான் ஆயுத ஒப்படைப்பு! 2012-ல் அவருடைய முதலமைச்சர் பதவி போயிற்று. ஒரு கொலை வழக்கில் 2015-ல் கைதாகி, 2020-ல் சிறையிலிருந்தபடியே நாடாளுமன்றத்துக்கு ஜெயித்து, 2021-ல் அந்த வழக்கிலிருந்து விடுதலையானார். 2025 ஏப்ரலில் வேறொரு வழக்கில் மறுபடி கைது. "வென்றாலும் பழசு கூடவே வருது, பாத்தியளோ?" என்றார் மகன்.

உலகத்தில் இதைவிடக் கொடிய உதாரணமும் இருக்கிறது. பாலஸ்தீனத்தில் 2006 ஜனவரியில் ஹமாஸ் இயக்கம் 132 இடங்களில் 74 பெற்றது. ஜனங்கள் போட்ட ஓட்டுத்தான். ஆனால் வென்றவர்கள் ஆயுதத்தைக் கீழே வைக்கவில்லை. வெளி நாடுகள் பலவும் அந்த ஆட்சியோடு பேச மறுத்துவிட்டன. மறு வருஷம் சொந்த ஜனங்களுக்குள்ளேயே சண்டை மூண்டு, காஸா முழுவதும் ஹமாஸ் கைக்குப் போயிற்று. அதன் பிறகு எத்தனையோ வருஷம் அங்கே நாடாளுமன்றத்துக்குத் தேர்தலே நடக்கவில்லை. 2006-ல் பள்ளிக்கூடம் போன குழந்தைகள் தாயும் தகப்பனுமாகிவிட்டார்கள். அந்த ஓட்டைத் திருத்திப் போட ஒரு சந்தர்ப்பம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

"ஜே.வி.பி.யையும் எழுதுங்கோ" என்றார் மகன். எழுதத்தான் வேண்டும். 1971-லும், மறுபடி 1987 முதல் 89 வரையிலும் ஆயுதம் எடுத்த சிங்கள இளைஞர் இயக்கம் அது. அப்பம்மா பயந்து பயந்து கிழக்கிலே ஓட்டுப் போட்ட அதே மாதங்களில், ஓட்டுப் போட்டால் கொல்வோம் என்று தெற்கிலே மிரட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்! வடக்கு-கிழக்கு இணைப்புச் செல்லாது என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அவர்கள் முன்னின்று நடத்திய வழக்கில்தான். 1989-ல் அவர்களும் பயங்கரமாக அழிக்கப்பட்டார்கள். மிஞ்சியவர்கள் 1994-லிருந்து தேர்தலில் நின்றார்கள். தோற்றார்கள், மறுபடி நின்றார்கள். 2020-ல் அவர்களுடைய கூட்டணிக்குக் கிடைத்தவை 3 இடங்கள். 2024-ல் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். நவம்பரில் 225-க்கு 159 இடங்கள். யாழ்ப்பாண மாவட்டத்திலேயே ஆறில் மூன்று அவர்களுக்குப் போயிற்று!

"முப்பது வருஷம் தோத்துப் பழகினவை" என்றார் மகன். அவரது குரலில் இருந்தது பாராட்டா, கசப்பா என்று எனக்குப் புலப்படவில்லை. இரண்டுமாகவே இருக்கலாம்.

எனக்கு ஒன்று புரிந்தது. ஆயுதம் எடுத்தவர்கள் ஜெயிப்பது பெரிய காரியமல்ல. அச்சமும் ஆசையும் சேர்ந்தால் ஜனங்கள் யாருக்கும் ஓட்டுப் போட்டுவிடுவார்கள். எதிரே நிற்க ஒருவன் துணிந்தானா, ஓட்டுக் கேட்க வருமுன் துப்பாக்கியை இறக்கி வைத்தார்களா, தோற்றால் வீட்டுக்குப் போவார்களா என்ற மூன்றுந்தான் பரீட்சை. 1988-ல் இந்த மூன்றில் ஒன்றுக்கும் யாரும் உறுதி சொல்ல முடியவில்லை. அதற்கு வென்றவர்கள் மட்டும் காரணமல்ல. அதிகாரத்தைக் கொடுக்காதவர்களும், தேர்தலையே ஏற்காதவர்களும் காரணம். ஆனால் பலனை அனுபவித்தவர் ஓட்டுப் போட்ட இந்த அம்மாள்.

மை படாத விரல்கள்

"எங்கப்பா இதுவரை ஒரு ஓட்டுக்கூடப் போட்டதில்லை, தெரியுமாக்கா?" என்றாள் பேத்தி.

உண்மைதான். பதினெட்டு வயது நிரம்புமுன் படகேறியவர். இங்கே ஓட்டு இல்லை. பேத்திக்கோ பிறந்ததே இந்த மண், ஆனாலும் இல்லை. 1987 ஜூலை முதல் தேதிக்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள் பிறப்பினாலேயே குடிகள். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் வரை போய் அந்த உரிமையை நிலைநாட்டி, 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டார். முகாமெல்லாம் அதையே பேசிற்றாம். இவள் பிறந்தது 2001-ல். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தால், தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் வந்தவர்களைப் பற்றியது. இலங்கை அதில் இல்லை. 2015 ஜனவரி 9-ம் தேதிக்குள் வந்து பதிந்த இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள் என்று 2025-ல் மத்திய அரசு உத்தரவிட்டது. இருக்கலாம் என்பதற்கு அது போதும். ஓட்டுக்குப் போதாது.

"ஓட்டு வந்தால் யாருக்குப் போடுவாய்?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"அதைச் சொல்லக் கூடாதுக்கா, ரகசியம்" என்று பட்டென்று பதில் வந்தது. எல்லோரும் சிரித்தோம்.

அப்பம்மா சிரித்து முடித்துவிட்டு, "ஓம், அதுதான் நல்ல வோட்டு. ஆருக்குப் போட்டனி எண்டு ஆரும் கேக்கவும் ஏலாது, கேட்டாலும் சொல்லாம இருக்கலாம்" என்றார்.

இருட்டும் வேளை. எனக்கென்று பிழிந்த இடியப்பத்தையும் சொதியையும் சாப்பிடாமல் புறப்பட விடவில்லை. சொதி நம் வீட்டுத் தேங்காய்ப்பால் குழம்புக்குத் தங்கை போல் இருக்கிறது; பச்சை மிளகாயும் எலுமிச்சையும் தூக்கல். செய்முறையைப் பேத்தி எழுதிக் கொடுத்திருக்கிறாள். இடம் கிடைத்தால் அடுத்த இதழில் தருகிறேன்.

ஸ்டேஷன் வரை பேத்தி துணைக்கு வந்தாள். ரயில் காலியாகத்தான் இருந்தது. சென்ற தேர்தலன்று வெயிலுக்குப் பயந்து, "ஒரு ஓட்டிலே என்ன ஆகிவிடப் போகிறது?" என்று மாலை நாலு மணி வரை வீட்டிலேயே உட்கார்ந்திருந்தது ஏனோ நினைவுக்கு வந்தது. ஆசிரியர் கேட்ட இரும்பு ஆலைக் கட்டுரையை இன்னும் எழுதவில்லை. அதற்கு இன்னொரு நடை போக வேண்டும். போகும்போது, வழியில் ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு போவதாக உத்தேசம்.